அம்மாவின் கேசட்டும் புது சவுண்ட் கார்டும்

என் பழைய டெஸ்க்டொப்புக்குப் புது சவுண்ட் கார்டு தேவைதானா என்று பார்க்க இன்று ஹட்டனில் உள்ள கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

"நீங்க அடிக்கடி கேக்குற ஒண்ணப் போட்டுப் பாருங்களேன்," என்றார் கடைக்கார நானா.

குவைத்தில் வீட்டுவேலை செய்த காலத்தில் அம்மா பேசி அனுப்பிய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் அப்பாவும் நானும் தேயத் தேயக் கேட்டது. பென் டிரைவில் கொண்டுபோயிருந்த அதைக் கடையின் புது கார்டில் போட்டேன்.

"நான் நல்லா இருக்கேன். நீ ஒழுங்கா படி."

இத்தனை வருடம் இரைச்சலுக்குள் மறைந்திருந்தது இன்று தெளிவாகக் கேட்டது. பேச்சுக்கு நடுவே அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார்.

கடையிலிருந்தே வட்டகொடையில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அன்னைக்கு அழுதுக்கிட்டா பேசுனீங்க?"



"சளிடி," என்றார்.

கார்டை வாங்கிவிட்டேன். உங்கள் அம்மாக்களுக்கும் இப்படிச் சளி பிடித்ததுண்டா?