காசு கட்டிய பெட்டி

ஐந்தாம் வகுப்பின் முதல் நாள் ஆசிரியை பட்டியலை வாசித்தபோது மாயா என்றொரு பெயர் வந்தது. எங்கள் ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்று சந்தோஷத்தோடு திரும்பிப் பார்த்தேன். சுருட்டைத் தலைமயிரும் மூக்கெல்லாம் புள்ளிகளுமாக ஒரு வெள்ளைப் பிள்ளை கையை உயர்த்தியது. ஏமாற்றம்தான். ஆனாலும் அந்தப் பெயரில் பாதி உரிமை எனக்கும் உண்டு என்ற எண்ணத்தில் அன்றைக்கே அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டேன்.

நாங்கள் உண்மையில் கூட்டாளிகளானது காம்ப் போகாததால். மார்ச் மாதத்தில் வகுப்பு முழுவதையும் மூன்று நாள் கடற்கரைப் பக்கம் காம்ப் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பெரிய தொகை கட்ட வேண்டும். கடிதத்தை அப்பாவிடம் நீட்டினேன். அவர் அதைப் பொறுமையாக எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"காம்புக்குப் போகக் காசு கட்டவேணுமோ? ஊரில நாங்கள் முள்ளுக்கம்பிக் காம்பில இருந்து வெளியில வரத்தானே காசு குடுத்தனாங்கள்" என்றார்.

அம்மா சிரித்தார். கடிதம் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்து, கட்ட வேண்டிய நாளும் கடந்து போனது.

எங்கள் வகுப்பில் காம்ப் போகாதவர்கள் இரண்டே பேர். மூன்று நாளும் மாயாவையும் என்னையும் நூலகத்தில் புத்தகம் அடுக்கவிட்டார்கள். நான் காம்புக்கு ஏன் போகவில்லை என்று அவளிடம் சொன்னேன். காசில்லை. அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. மாயா அப்படியல்ல. தானே விரும்பித்தான் நின்றதாகச் சொன்னாள். யூதர்களுடைய பெரிய பண்டிகை வரப்போகிறதாம். எட்டு நாளைக்குப் பாண், பிஸ்கட், கேக் ஒன்றும் வீட்டுக்குள் இருக்கக்கூடாது. அந்த நாட்களுக்கென்று தனியாகச் செய்து மூடிய சாமான்களைத்தான் வாங்க வேண்டும். அதெல்லாம் நல்ல விலை. போன வருடம் பண்டிகையை ஒழுங்காகச் செய்யவில்லை. இந்த வருடம் "காம்பா, பண்டிகையா?" என்று அவளுடைய தாய் கேட்டிருக்கிறார். அவள் பண்டிகை என்றாளாம்.

"காம்ப் காசில்தான் அம்மா எல்லாம் வாங்கப்போகிறார்" என்றாள். சொல்லும்போது கழுத்தை நிமிர்த்தி வைத்திருந்தாள். நான் அவளைப் பொறாமையோடு பார்த்தேன். என்னிடம் யாரும் அப்படி இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னதில்லை.

அப்பா அப்போது கோல்ஃபீல்ட் பக்கம் ஒரு யூதப் பலசரக்குக் கடையில் வேலை செய்தார். சாமான் இறக்குவது, பெட்டி கட்டுவது, வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அவர்தான். பண்டிகை நெருங்கினால் அவருக்கு ஓய்வில்லை. வீட்டுக்கு வந்து காலை நீட்டி இருந்துகொண்டு அம்மாவிடம் கடைப் புதினங்களைச் சொல்வார்.

"எட்டு நாளைக்குப் பாண் சாப்பிடாயினமாம்" என்றார் ஒருநாள்.

"வன்னியில நாங்கள் எத்தினை மாசம் பாணைக் காணாமல் இருந்தனாங்கள். ஒருத்தரும் அதைப் பண்டிகை எண்டு சொல்லேல்லையே" என்றார் அம்மா.

அப்படியான ஒரு கதையில்தான் முதலாளியைப் பற்றியும் கேள்விப்பட்டேன். பண்டிகைச் சாமான் வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு அவர் வருடாவருடம் பெட்டி அனுப்புகிறாராம். அதற்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறாராம். அப்பாவுக்கு அதில் பெரிய மதிப்பு. எனக்கு அது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. வியாழக்கிழமைகளில் அம்மாவும் நானும் தேவாலய மண்டபத்துக்குப் போய் வரிசையில் நின்று பையை நிரப்பிக்கொண்டு வருவோம். நாங்கள் சைவக்காரர் என்று தெரிந்தும் அவர்கள் ஒன்றும் கேட்பதில்லை. டின் கடலையும் அரிசியும் பால்மாவுமாக வந்த அந்தப் பையை நான் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். இலவசம் என்பது எனக்கு நல்லதொரு சொல்.

பண்டிகைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து அப்பா என்னைக் காரில் ஏற்ற வந்தார். பின் இருக்கையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி இருந்தது. எங்கள் டண்டினொங் பக்கத்துக்கு அந்த ஒரு பெட்டிதான் என்பதால் வேலை முடிந்து வரும் வழியில் தானே கொடுத்துவிடுவதாகச் சொல்லிக் கொண்டுவந்திருந்தார். நான் அதற்குப் பக்கத்தில் ஏறி, மூடிக்கு மேல் ஒட்டியிருந்த பில்லை வாசித்தேன். ஐந்து பொதி தட்டை ரொட்டி, முட்டை, மீன் டின், திராட்சைச் சாறு, உருளைக்கிழங்கு, பாதாம் போட்ட இனிப்பு. அடியில் மொத்தத் தொகை. அதற்குமேல் 'காசு கட்டியாயிற்று' என்று ஆங்கிலத்தில் நீல முத்திரை.

"இவை காசு கட்டிட்டினம் அப்பா" என்றேன்.

"இல்லைப் பிள்ளை. முதலாளி எல்லாப் பெட்டிக்கும் அந்த முத்திரைதான் குத்துறவர். கட்டின ஆக்களுக்கும் அதுதான், கட்டாத ஆக்களுக்கும் அதுதான்."

"ஏன்?"

"அது அப்பிடித்தான். கடைக் கதை வெளியில சொல்லுறேல்லை, என்ன."

ஓம் என்றேன்.

கார் ஒரு பழைய மாடிக் குடியிருப்பின் முன் நின்றது. அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். கதவைத் திறந்த பெண்ணின் பின்னால் மாயா நின்றாள். நான் காருக்குள் இருந்து கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் தொட்டுக்கொண்டு, துள்ளித் துள்ளி உள்ளே போனாள்.

அப்போது எனக்கு வந்த சந்தோஷம் இன்றும் ஞாபகம் இருக்கிறது. மாயா எங்களைப் போலத்தான். எங்களுக்கு வியாழக்கிழமைப் பை, அவளுக்கு இந்தப் பெட்டி. அதையும் கொண்டுபோய்க் கொடுத்தது என்னுடைய அப்பா. இதைவிட நெருக்கமான கூட்டு உலகத்தில் வேறு என்ன இருக்க முடியும்?

செவ்வாய்க்கிழமை வகுப்பில் எல்லோரையும் பாயில் இருத்தி, அவரவர் வீட்டுப் பண்டிகையைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். ஒருவன் ஈஸ்டர் முட்டையைப் பற்றிச் சொன்னான். நான் சித்திரை வருடப்பிறப்பைப் பற்றிச் சொன்னேன். மாயா எழுந்து நின்று நன்றாகப் பேசினாள். எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் அவசரமாக வெளிக்கிட்டது, மா புளிக்க நேரமில்லாமல் தட்டை ரொட்டி சுட்டது எல்லாம் சொன்னாள். கடைசியில், காம்ப் போகாமல் மிச்சம் பிடித்த காசில் அம்மா எல்லாச் சாமானும் வாங்கிவிட்டார் என்றாள். காம்பில் சறுக்கி விளையாடிப் படகும் விட்டு வந்த பிள்ளைகள் முதல்முறையாக அவளை மதிப்போடு பார்த்தார்கள்.

நான் கையை உயர்த்தினேன்.

"என் அப்பாதான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அது இலவசம். எங்களுக்கும் தேவாலயத்தில் கொடுப்பார்கள்" என்றேன்.

மாயா சிரித்தாள். நான் ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"இல்லை. நாங்கள் காசு கட்டினோம். பில் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. காசு கட்டியாயிற்று என்று அதில் முத்திரை இருக்கிறது."

"அந்த முத்திரையை எல்லாப் பெட்டிக்கும் குத்துவார்கள்" என்றேன். "கட்டாத ஆட்களுக்கும்."

ஆசிரியை அவசரமாக வேறு யாரையோ பேசக் கூப்பிட்டார். மாயா உட்காரவில்லை. "நீ பொய் சொல்கிறாய்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பிறகு உட்கார்ந்து, மணி அடிக்கும்வரை சப்பாத்து நூலை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

நான் கொதித்துப்போனேன். எங்கள் வீட்டில் பொய்காரி என்பதைவிடப் பெரிய ஏச்சு இல்லை. இந்த நாட்டுக்குப் படகில் வந்து ஆறு வருடமாகியும் எங்களுக்குத் தற்காலிக விசாதான். ஒவ்வொரு நேர்காணலுக்கும் முன்னால் அப்பா எல்லோரையும் இருத்திச் சொல்வார்: உள்ளதைச் சொல்லவேணும், ஒரு சொல் மாறினாலும் பொய்யர் எண்டு எழுதிப்போடுவினம். அப்படி வளர்ந்த என்னையா பொய் சொல்கிறாய் என்றாள்?

அடுத்த நாள் பின்னேரம் எங்கள் வீட்டு மணி அடித்தது. மாயாவின் தாய் வாசலில் நின்றார். முதியோர் இல்லத்து வேலைச் சட்டையோடேயே வந்திருந்தார். ஒரு கையில் மாயா, மறு கையில் சந்தைக்குக் கொண்டுபோகிற சக்கரப் பை. அதற்குள் அந்தப் பெட்டி.

அவர் அப்பாவைப் பார்த்து மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: "வகுப்பில் உங்கள் மகள் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறாள். என் மகள் நேற்றிலிருந்து என்னிடம் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்."

அப்பாவுக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மாயாவிடமே பேசினார். "என் மகளுக்குத் தெரியாது. சின்னப் பிள்ளை, பிழையாகச் சொல்லிவிட்டாள். உன் அம்மா காசு கட்டினார். காசை நான்தான் கையில் வாங்கினேன்."

என் காதுகளை நம்ப முடியவில்லை.

"பிள்ளை, பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு அவளுக்குச் சொல்லு" என்றார் என்னிடம்.

"நீங்கள்தானே அப்பா சொன்னனீங்கள்."

"சொல்லு பிள்ளை."

அம்மா குசினியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்து என் முதுகில் கையை வைத்தார். "சொல்லன். ஒரு சொல்தானே."

மாயா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் கோபம் இருக்கவில்லை. நான் சொல்லப்போகிற அந்த ஒரு சொல்லுக்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்பத்தான் வந்திருந்தாள்.

"நான் பொய் சொல்வதில்லை" என்றேன் ஆங்கிலத்தில், எல்லோருக்கும் விளங்கும்படி.

மாயாவின் தாய் பெட்டியைப் பையிலிருந்து தூக்கி எங்கள் கதவுப் படியில் வைத்தார். ஒன்றையும் திறந்திருக்கவில்லை. பில் மட்டும் மேலே இல்லை. அவ்வளவு தூரம் கொண்டுவந்து கொடுத்ததற்கு நன்றி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, வெறும் பையை இழுத்துக்கொண்டு நடந்தார். மாயா அவருடைய கையைப் பிடிக்காமல் இரண்டடி பின்னால் போனாள். தாயோடு ஒட்டிக்கொண்டே நடக்கிற பிள்ளை அவள்.

அப்பா என்னை ஏசவில்லை. வியாழக்கிழமை வேலை முடிந்து பெட்டியைத் திரும்பவும் அந்தக் குடியிருப்புக்குக் கொண்டுபோய்க் கதவடியில் வைத்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தபோது அது வைத்த இடத்திலேயே இருந்தது. அன்றைக்கு இரவுதான் பண்டிகை. அவர்கள் அந்த இரவு என்ன சாப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. காம்ப் காசு எங்கே போனது என்பதும் தெரியாது. வாடகைக்காக இருக்கலாம், மின்சாரத்துக்காக இருக்கலாம். பிள்ளை தன் பங்கைக் கொடுத்துத்தான் பண்டிகை வந்தது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று அந்தத் தாய் விட்டிருக்கிறார். ஒரு பெண் தன் மகளுக்குக் கொடுக்கக்கூடியதாக அந்த வருடம் அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

மீதியை அம்மா பல வருடங்களுக்குப் பிறகுதான் சொன்னார். கடைக்கே திரும்பி வந்த பெட்டியைப் பார்த்து முதலாளி, யார் வெளியில் சொன்னது என்று கேட்டிருக்கிறார். "நான்தான் வாய் தவறிச் சொல்லிப்போட்டன்" என்றாராம் அப்பா. முதலாளி நல்ல மனிதர், வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அடுத்த வருடத்திலிருந்து அந்தப் பட்டியல் பெட்டிகளைக் கொண்டுபோகும் வேலையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டார். பண்டிகை வேலையில் அப்பாவுக்குப் பிடித்தமான பகுதி அதுதான் என்று அம்மா சொன்னார்.

இப்போது வார இறுதிகளில் நான் மல்கிரேவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பில் போடுகிறேன். ஏதாவது பண்டிகை வரும்போது, கூடையிலிருந்து ஒரு சாமானை எடுத்து, இது வேண்டாம், வீட்டில் இருக்கிறது என்று தள்ளிவைப்பவர்களைப் பார்க்கிறேன். பக்கத்தில் பிள்ளை நின்றால் அதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்கள். நான் பேசாமல் வாங்கிக் கீழே வைத்துவிடுவேன்.

அந்த வருடம் பண்டிகையோடு தொடங்கிய பள்ளி விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போனபோது மாயா வேறு மேசைக்கு மாறியிருந்தாள். ஆண்டு நடுவில் பள்ளிக்கூடத்தையும் மாறிப் போய்விட்டாள். எங்கே என்று ஆசிரியை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் அந்த இரண்டு கிழமை விடுமுறையிலும் எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. வருடப்பிறப்பு வந்தது, அம்மா பயறுருண்டை செய்தார், நான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து தெருவைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னவள் நான். எல்லோர் முன்னாலும் என்னைப் பொய்காரி என்றவள் அவள். ஆகவே மாயாதான் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று நிச்சயமாக நம்பியிருந்தேன். வந்தால், அதிகம் கெஞ்சவிடாமல் உடனே மன்னித்துவிடுவது என்றும் முடிவு செய்து வைத்திருந்தேன்.