பாம்பூஃப்ளாட்டுக்கு ஒரு கிலோ அல்வா

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்கு போர்ட் பிளேரில் இறங்கினேன். பெயர் இப்போது ஸ்ரீ விஜயபுரம். ஆட்டோக்காரர் உட்பட யாரும் பழைய பெயரை விடுவதாயில்லை. கையில் ஒரு கிலோ திருநெல்வேலி அல்வா, மனசில் அதைவிடக் கனமாகக் கோபம்.

தம்பி முருகேசன் குடும்ப வாட்ஸப் குழுவில் அனுப்பிய படம்தான் காரணம். தொப்பையும் கன்னமுமாக இருந்தவன், கழுத்தெலும்பு தெரிய நின்றான். அவனுக்குச் சர்க்கரை என்பது தெரிந்ததுதான். "ஆளே பாதியாயிட்டான். அவ சோறு போடுதாளா இல்லையா?" என்று தங்கை கேட்டாள். 'அவ' என்றால் தம்பி மனைவி ஜெயா. அவனை ஊருக்குக் கூட்டிவந்து பெரிய டாக்டரிடம் காட்டுவதென்று, திரும்பும் விமானத்துக்கு அவனுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்திருந்தேன்.

ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய், சாத்தாம் ஜெட்டி. அங்கிருந்து தம்பி குடியிருக்கும் பாம்பூஃப்ளாட்டுக்கு ஃபெர்ரியில் பத்துப் பதினைந்து நிமிடம். இறங்கி அங்குமிங்கும் பார்த்தேன்.

"எக்கா, யாரத் தேடுத?"

பக்கத்திலேயே நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டில் தட்டில் பாதி கீரையும் பீன்சும், இரண்டு துண்டு சூரை மீன், ஒரு சின்னக் கிண்ணம் சோறு.

"இம்புட்டுத்தானா?" என்றேன்.

"அவ்வளவுதான் மைனி," என்றாள் ஜெயா. "பக்கத்து வீட்டு பெங்காலி அக்கா 'பீமார் ஹை க்யா'ன்னு கேட்டாச்சு. அவருக்குச் சீக்கான்னு நீங்களும் கேட்டுருங்க."

அல்வா பெட்டியைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்கு அவனோடு ஃபெர்ரி ஏறினேன். அவன் அலுவலகம் டெலானிபூரில். "முருகேசன் பாய், தபியத் டீக்?" என்று படகில் ஆளாளுக்கு உடம்பை விசாரித்தார்கள். நன்றாகவே இருக்கிறேன் என்று எல்லோருக்கும் ஒரே பதில், சிரித்த முகமாக: "ஏக்தம் டீக்!" சாத்தாமில் பஸ் நின்றது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடை, கடைசியில் நல்ல மேடு. எனக்கு மூச்சு வாங்கியது, அவன் பேசிக்கொண்டே ஏறினான்.

"வெயிட்டக் குறைச்சா சுகர் இறங்கும்னு டாக்டர் சொன்னாரு. அன்னைக்கே ஜெயா பெரிய குக்கரத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா. அவளும் என்னைய மாதிரிதான் திங்கா, எக்கா. எம் முன்னால கூட ஒரு கரண்டி போட்டுக்கிட மாட்டா."

அன்று மாலை ஜெயா அவன் பேண்ட்டுகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் இடுப்பை மூன்று முறை பிடித்துத் தைத்திருந்தாள். மிச்சத் துணி வெட்டப்படாமல் உள்ளே தடியாக மடிந்து கிடந்தது.

"இத வெட்ட வேண்டியதுதான, ஜெயா? உறுத்தாதா?"

"உறுத்தத்தான் செய்யும்." கை நின்றது. "எளைச்சது பத்தியத்தாலயா, நோய் முத்திப் போயான்னு எனக்கு மட்டும் தெரியுமா மைனி? புதன்கிழம மூணு மாசச் சக்கர டெஸ்ட்டு ரிப்போர்ட் வருது. அது வரைக்கும் வெட்ட மனசு வரல. நோய்னா பழைய உடம்பத் திரும்பக் கொண்டாரணும்லா, இந்தத் துணி வேணும்."

எங்கள் பயம்தான் அவளுக்கும் இருந்திருக்கிறது. நாங்கள் குழுவில் புலம்பித் தீர்த்தோம், அவள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா கட்டுக்குள்ள வந்திருக்கு. சாயங்கால மாத்திரைய நிறுத்திப் பாப்போம். காலைல உள்ளது தொடரட்டும், நீங்களா விட்டுடாதீங்க. வெயிட் இப்ப சரியா இருக்கு, இதுக்கு மேல குறைய வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் ஜெயா புடவைகூட மாற்றாமல் கத்தரிக்கோலோடு தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பேண்ட்டாக எடுத்து மிச்சத் துணியை வெட்டிப் போட்டாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அவருக்கு எடுத்த டிக்கெட்ட என்ன செய்யப் போறீங்க, மைனி?"

டிக்கெட் விஷயம் தெரிந்தே இத்தனை நாளும் எனக்குப் பரிமாறியிருக்கிறாள்! "ஆஸ்பத்திரிலயே கேன்சல் பண்ணிட்டேன்மா," என்றேன். அப்போதுதான் அந்த வீட்டில் முதன்முதலாக அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

வெள்ளி காலை என்னை வழியனுப்ப இருவரும் ஃபெர்ரியில் வந்தார்கள். அல்வாவைப் படகிலேயே பிரித்தோம். தபியத் கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு. முருகேசனுக்கு நகக்கண் அளவு, அதுவும் ஜெயா கிள்ளிக் கொடுத்தது. விருந்தாளி வாய்விட்டுப் போதும் என்ற பிறகும் ஒரு கரண்டி வைப்பதுதான் எங்கள் ஊரில் பாசம். நானும் அப்படியே பரிமாறி வளர்ந்தவள்.

சென்னையில் இறங்கியதும் தங்கையின் போன்.

"தம்பி வரலியா? அவ சோறு போடுதாளா இல்லையா?"

"போடுதா," என்றேன். "அளந்து போடுதா. அதான் அவன் நல்லா இருக்கான்."