அட்டையின் பின்பக்கம்

தாம்பரத்தில் எங்கள் காலனிப் பூங்காவுக்குக் காலை நடைக்கு வருகிறவர்கள் ஏழு பேர். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். நடப்பது நாலு சுற்று. உட்கார்ந்து பேசுவது அதைவிட அதிகம். பேச்சில் பாதி மாத்திரை பற்றியது. சட்டைப் பையிலிருந்து அட்டைகள் வெளியே வரும். யாருக்கு எது கேட்டது என்று சொல்லி, ஒன்றிரண்டைக் கத்தரித்துக் கைமாற்றிக்கொள்வோம்.

போன மாதம் என் வலது முழங்கால் வீங்கியது. சனிக்கிழமை இருவருமாகத் திருநீர்மலை ஏறுவதாக மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தனியாக மேலே அனுப்பிவிட்டு அடிவாரத்தில் நிற்க வேண்டிவருமோ என்று எனக்கு ஒரே கவலை. எலும்பு டாக்டர் காலையும் இரவும் ஒவ்வொரு மாத்திரை போடச் சொல்லியிருந்தார். வலி குறையவில்லை.

"இன்னா சார், நொண்டிக்கினு வர்றீங்க?" என்றார் ரயில்வேயில் இருந்த நண்பர். "இத்தப் போடுங்க. என் பல்லு வலிக்குக் குடுத்தது. சும்மா பறந்துடும்."

பெயர் வேறு, நிறம் வேறு. அதனால் டாக்டர் மாத்திரையோடு அதையும் சேர்த்துப் போட்டேன். வலி குறைந்தது, வயிறு எரிய ஆரம்பித்தது. மூன்றாம் நாள் காலை காபியை அப்படியே வைத்துவிட்டேன். மனைவிக்கு அது போதும். இரண்டு அட்டைகளையும் திருப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள்.

"ஏங்க, ரெண்டுலயும் ஒரே மருந்துதான் போட்டிருக்கு. நாள் பூரா எதையாவது எண்ணிக்கிட்டே இருக்கீங்களே, இதைப் படிக்க மாட்டீங்களா?"

எலும்பு டாக்டரும் அதையேதான் சொன்னார். "பாரசிட்டமாலும் வீக்கத்துக்கான மருந்தும் சேர்ந்தது சார், ரெண்டுமே. கம்பெனிதான் வேற. நீங்க டபுள் டோஸ் போட்டிருக்கீங்க. பிரஷர் மாத்திரை வேற சாப்பிடுறீங்க. கிட்னி தாங்க வேணாமா?"

"சனிக்கிழமை மலை ஏறணும் டாக்டர்."

"மலை அங்கேயேதான் இருக்கும் சார்."

இரண்டையும் நிறுத்தினார். வயிற்றுக்கு மருந்து கொடுத்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வரும்வரை மனைவியைக் கேள்வி கேட்டே துளைத்தெடுத்தேன். முடிவு நல்லபடியாக வந்தது. இனி வலி மாத்திரை எதுவானாலும் தன்னைக் கேட்டுத்தான் போட வேண்டும், அதுவும் சாப்பிட்ட பிறகு, சில நாளைக்கு மட்டும் என்றார் டாக்டர். முழங்காலுக்கு ஒத்தடமும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்.

சனிக்கிழமை போய்விட்டதே என்று நான் புலம்ப, மனைவி சொன்னாள்: "மேல இருக்கிற பெருமாள் படுத்துக்கிட்டுத்தானே இருக்கார்? அவருக்கென்ன அவசரம்? மெதுவா போகலாம்."

சில வாரம் கழித்துப் போனோம். வலி மாத்திரை எதுவும் போடாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். மேலே நல்ல காற்று. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களை எண்ணிக்கொண்டு நின்றேன். ஐந்தாவது வருவதற்குள் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க, நடை சாத்திடப் போறாங்க."