பூனைகள் தேடி வந்த எண்ணெய்

கல்கத்தா பவானிபூரில் குடியிருந்த அனந்தலக்ஷ்மிக்கு ஒரே கவலைதான். மகள் ஜலஜாவுக்கு இரண்டு வயது முடிந்தும் கால் ஊன்றவில்லை. நிறுத்தினால் துவண்டு உட்கார்ந்துவிடுவாள். முழங்காலுக்குக் கீழே வில்லாய் வளைவு வேறு. எலும்பில் பலமில்லை, இப்படியே விட்டால் வளைவு நிலைத்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கம்பெனிக் குமாஸ்தாவான கணவர் பட்டாபிராமன் ஒரு புட்டியைக் கொண்டுவந்தார். "சீமை மருந்தெண்ணெய். கொழந்தைக்கு தினம் ஒரு ஸ்பூன்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு நழுவினார்.

குழந்தைக்கு எண்ணெய் என்றால் அனந்தலக்ஷ்மிக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஜலஜாவைக் கால்மேல் போட்டுக்கொண்டு அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. மருந்தென்றால் நாறத்தான் செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கால் தேறவில்லை. தெருப்பூனைகள் அத்தனையும் வந்து ஜலஜாவின் காலை நக்கியதுதான் மிச்சம். குழந்தைக்கு ஒரே சிரிப்பு.

பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் நிஸ்தாரிணி எட்டிப் பார்த்தாள். அனந்தலக்ஷ்மி அவளை அக்கா முறையில் 'தீதி' என்பாள். "ஓ மா! மதராஸி வீட்டில் மீன் சமையலா?"

"சிவ சிவா! கொழந்தை மருந்து, தீதி."

நிஸ்தாரிணி புட்டியை முகர்ந்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "இது மீன் ஈரல் எண்ணெய். என் பையனும் குடித்தான். குடிக்கிறதைத் தடவிப் பூனைக்கு விருந்து வைக்கிறாயே!"

சாயங்காலம் பட்டாபிராமன் செருப்பைக் கழற்றுமுன் பிடித்துக்கொண்டாள். "ஏன்னா, மீன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"சொல்லியிருந்தா புட்டி கங்கைக்குப் போயிருக்கும்."

போயிருக்கும்தான். அனந்தலக்ஷ்மி தரையில் நகர்ந்துவரும் குழந்தையைப் பார்த்தாள். "சரி, பாவம் என் தலையில. ஆனா அந்தப் புட்டி சமையலறை வாசப்படி மிதிக்கப்படாது. ஸ்பூனும் மிதிக்கப்படாது. இன்னிக்கு நீங்களும்."

மறுநாளிலிருந்து மொட்டைமாடி வெயிலில், நிஸ்தாரிணி குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ள, அனந்தலக்ஷ்மி வாயில் ஊற்றினாள். பிறகு தலைமுழுகிவிட்டுத்தான் அடுப்படி. தனக்கு ஜுரம் வந்தபோதும் அந்த முழுக்கை விடவில்லை.

குளிர்காலம் போயிற்று. ஒரு நாள் காலை, எண்ணெய் ஊற்றி முடித்த நேரம், மாடிச் சுவரோரம் ஒரு பூனை படுத்திருந்தது. இப்போதெல்லாம் காலை நக்க எந்தப் பூனையும் வருவதில்லை என்று ஜலஜாவுக்குக் குறை. சுவரைப் பிடித்து எழுந்தாள். கையை விட்டாள். தத்தித் தத்திப் பூனையிடம் நடந்தாள். பூனை மிரண்டு தாவியது. இவள் விழவில்லை.

"தீதி, பாருங்கோ!" என்று கத்திய அனந்தலக்ஷ்மிக்குக் கண் பொங்கிவிட்டது. ஆனாலும் மீன் எண்ணெய் பட்ட கையை முகத்தருகே கொண்டுபோவாளா? கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.