விண்வெளியில் ஒரு ‘வாங்க’

மயிலாடுதுறையில் நான் பேருந்து ஏறியதும் பக்கத்து இருக்கை அம்மா “வாங்க” என்றார். பட்டுப்புடவை, மடியில் பழத்தட்டு. பிறகு ஏறியவர்களுக்கெல்லாம் ஒரு “வாங்க”, கண்டக்டருக்குக்கூட.

“திருக்கடையூர்ல தம்பிக்கு அறுபதாம் கல்யாணம். நேர்ல வந்து அழைக்கல, போன்லயே முடிச்சுட்டான். வாசலுக்கு வந்து ‘வாங்கக்கா’ன்னு சொன்னாத்தான் உள்ள போவேன்.”

என் செல்போனில் சீன விண்வெளி நிலையத்துக்கு மூன்று பேர் போய்ச் சேர்ந்த காட்சி ஓடியது. எட்டிப் பார்த்தார்.

“உள்ள இருக்குறவங்க வாங்கன்னு சொன்னாங்களா?”

“கட்டியே பிடிச்சாங்கம்மா.”

“மூணு பேரையுமா?”

மறுபடி போடச் சொல்லி, மூன்றாமவரை அணைக்கும்வரை கண்கொட்டாமல் பார்த்தார். “முறை தெரிஞ்சவங்க” என்று சீனாவுக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

திருக்கடையூரில் இறங்கியவர் தட்டோடு அங்கேயே நின்றுவிட்டார். எதிரே மண்டப வாசலில், மாலையும் கழுத்துமாகத் தம்பி. அவரும் அசையவில்லை. நடுவில் ஒரு சாலை.

பேருந்து கிளம்பிவிட்டது. வானத்தில் கதவு திறந்த சேதி உடனே என் கைக்கு வந்தது. அந்தச் சாலையை யார் முதலில் கடந்தார்கள் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.