மூத்தவளின் சாம்பல் சாறிகள்

மஞ்சள் எனக்குப் பொருந்தாது என்பதை நான் அறிந்துகொண்டது காத்தான்குடியில் ஒரு துணிக்கடையில். அறிவித்தவள் என் தங்கச்சி. பக்கத்தில் சாறி பார்த்துக்கொண்டிருந்த குடும்பம், கல்லாவில் இருந்த முதலாளி, எல்லோருக்கும் கேட்கும்படி, "அக்கா, அத வையுங்க. கருவாட்டுக்கு மஞ்சள் தடவின மாதிரி இருக்கு" என்றாள். எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த மனுசன் உடனே சாறியை மடிக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு அவளை அந்தச் சாறியாலேயே மூட்டை கட்டி அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் போல இருந்தது.

எனக்கு அப்போதுதான் பட்டதாரி நியமனம் கிடைத்திருந்தது. களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு அரசாங்கக் கந்தோர். பாதி நாள் மேசை, பாதி நாள் வெளிக்கள வேலை. பெண்கள் சாறிதான் உடுக்க வேண்டும். நாங்கள் இருப்பது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். காலையில் ஸ்கூட்டியைப் பாதையில் ஏற்ற வேண்டும். பாதை என்றால் ரோட்டு இல்லை. இயந்திரம் பூட்டிய மிதவை. ஆளும் ஆடும் மீன்பெட்டியும் மோட்டார் சைக்கிளும் ஒன்றாக நின்று வாவியைக் கடக்கும்.

இந்தப் பயணத்துக்கு அம்மா எடுத்துத் தந்த சாறிகளைச் சொல்கிறேன். கிளிப்பச்சை, செம்மஞ்சள், ரோசா, எல்லாம் வழுக்குகிற துணி, கரை முழுக்கக் கல்லு வேலை. கந்தோருக்குப் போகிற பெண்ணை எந்தச் சந்தியில் எந்த மாப்பிளை வீட்டார் காண்பார்களோ என்பது அம்மாவின் கணக்கு. வாவிக் காற்றுக்கு அந்தக் கணக்கு தெரியாது. முதல் கிழமையே முந்தானை பறந்துபோய் மீன்பெட்டிக்குள் விழுந்தது. நாள் முழுக்கக் கந்தோரில் என் மேசையைச் சுற்றி ஒருவரும் வரவில்லை. கிரவல் ரோட்டுப் புழுதி ரோசா நிறத்தில் ஏறினால் கழுவினாலும் போகாது. மாரி தொடங்கியதும் ஒரு காலையில் நடு வாவியில் மழை பிடித்தது. அந்த வழுக்குத் துணி நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. பாதையில் நின்ற ஆம்பிளைகள் தண்ணீரைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ஒருவர் தன் குடையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன், இனி என் உடுப்பை நான்தான் தெரிந்தெடுப்பேன் என்று.

தனியாகக் கடைக்குப் போனேன். எனக்கு வேண்டியது எதுவென்று தெளிவாகத் தெரிந்தது. நனைந்தாலும் உடம்பைக் காட்டாத துணி. புழுதி பட்டாலும் தெரியாத நிறம். பின்னேரம் தோய்த்துப் போட்டால் விடிய உடுக்கலாம், கரண்ட் இல்லாத நாளில் அயன் பிடித்து மினுக்காமலும் உடுக்கலாம், அப்படி ஒன்று. பருத்தியில் சாம்பல், மண்ணிறம், கருநீலம், காய்ந்த தேயிலை நிறம் என்று எடுத்து ஒதுக்கினேன். கடைக்காரர் கடைசியில் தாங்கமுடியாமல் கேட்டார்: "தங்கச்சி, மரண வீட்டுக்கா எடுக்கிறீங்க?"

"ஓம், என்ட மரணத்துக்குத்தான்" என்றேன். மனுசன் அவசரமாகப் பில் போட்டார்.

சாறிச் சட்டைகள் விசயத்தில்தான் நான் எங்கள் ஊர்ப் பெண்களின் மதத்தையே விட்டு மாறினேன். எங்கள் பக்கத்தில் ஒரு சாறிக்கு ஒரு சட்டை. சட்டைக்கு ஏற்ற வளையல், வளையலுக்கு ஏற்ற செருப்பு, சிலபேருக்குக் குடை கூட. நான் கறுப்பிலும் பிஸ்கட் நிறத்திலும் அரக்கிலும் நல்ல தடிப்பான சட்டைகள் முழங்கை வரை கை வைத்துத் தைத்தேன். எந்தச் சாறிக்கு எந்தச் சட்டையைப் போட்டாலும் சேரும். சாம்பலுக்குக் கறுப்புப் போட்டால் கூட்டம் நடக்கிற நாளுக்கு. அதே சாம்பலுக்கு அரக்குப் போட்டால் பிறந்தநாள் வீட்டுக்கும் போகலாம். மண்ணிறமும் பிஸ்கட்டும் வட்டைக்குள் இறங்குகிற நாளுக்கு, வயல் சேறு தெறித்தாலும் அது சாறியின் பூ மாதிரித்தான் இருக்கும். பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி வெட்டி, பக்கத்தில் பிளவு வைத்து, உள்ளே ஒரு பையும் தைத்தேன். போனும் ஸ்கூட்டித் திறப்பும் அதற்குள் போய்விடும். முந்தானையை மடித்துத் தோளில் குத்தி, நுனியை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகி இன்னொரு பின். காலுக்கு வார் வைத்த தட்டைச் செருப்பு. விடிய எழும்பினால் கண்ணை மூடிக்கொண்டு அலுமாரியில் கை வைக்கலாம், கையில் வருவது எல்லாம் ஒன்றுக்கொன்று சேரும். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த காரியம் அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அவ்வளவு சந்தோசமாக இருந்தேன்.

கந்தோரில் மற்றப் பெண்களுக்கு அது பொறுக்கவில்லை. "என்னகா, வீட்டில ஆரும் தவறிட்டாங்களா?" என்று முதல் கிழமை கேட்டார்கள். பிறகு எனக்கு ஒரு பட்டம் வைத்தார்கள்: மாரி மேகம். பொங்கலுக்கு எல்லோரும் ஒரே மாதிரிச் சாறி எடுத்துப் படம் பிடிப்பது வழக்கம். அந்த முறை என்னிடம் கேட்காமலே எடுத்து, படம் பிடிக்கும் நேரத்தில் போனை என் கையில் தந்து, "நீங்கதானே வடிவா எடுப்பீங்க" என்றார்கள். எல்லோருடைய தலையையும் வெட்டி எடுத்துக் கொடுத்தேன்.

இதெல்லாம் வெளியாட்கள். சுட்டது வீட்டில்தான்.

எனக்குச் செவ்வாய் தோசம். அதற்குப் பொருத்தமாக இன்னொரு செவ்வாய்க்காரன் கிடைக்க வேண்டும். வந்த பேச்சுகள் எல்லாம் சாதகக் கட்டோடு திரும்பிப் போயின. முப்பதைத் தாண்டினேன். எனக்குக் கலியாணம் வேண்டும். அதை எழுதவே இப்போதும் முகம் சூடாகிறது, ஆனால் வேண்டும். ஒரு மனுசனும் குழந்தையும் எனக்கும் வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்திருக்கிறேன். அதை எங்கள் வீட்டில் ஒரு பெண் வாய் திறந்து சொல்ல முடியாது. சொன்னால் வெட்கங்கெட்டவள். சொல்லாததால் அவர்கள் என் சாறிகளைப் பார்த்து விளங்கிக்கொண்டார்கள்.

அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். நான் குசினிக்குப் பின்னால் கருநீலச் சாறியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வளவு மாமியிடம் அம்மா சொல்வது கேட்டது. "மூத்தவ மனச வெறுத்திட்டா கா. கலியாண ஆசை இருக்கிற புள்ள இப்பிடியா உடுக்கும்? சாமியார் மாதிரி." மாமி நாக்கைச் சப்புக்கொட்டினார். நான் ஈரச் சாறியைப் பிடித்தபடி நின்றேன். புழுதிக்கும் மழைக்கும் எடுத்த நிறம் அது என்று போய்ச் சொல்லியிருக்கலாம். முன்பே பத்துத் தரம் சொல்லியிருந்தேன். புழுதிக்காக ஒரு பெண் அழகை விடுவாள் என்பதை அம்மாவால் நம்ப முடியவில்லை. மனம் வெறுத்துவிட்டாள் என்பதை உடனே நம்பிவிட்டார்.

நம்பியதில் அவருக்கு ஒரு வசதியும் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிளைதான் வந்து குடியேறுவார். தாய் இருக்கிற வீடு மூத்தவளுக்கு. அவளுக்கு அதைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் ஒதுங்குவார்கள், இளையவளுக்கு வேறு வளவில் கட்டுவார்கள். எங்களிடம் வேறு வளவு இல்லை. இருப்பது ஒரே வீடு, அது எனக்கு. தங்கச்சிக்கோ சாதகத்தில் ஒரு பழுதும் இல்லை, நிறமும் இருந்தது, பேச்சுகள் வரிசையாக வந்தன. வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் கேட்டது வீட்டைத்தான். மூத்தவள் ஒருத்தி ஆசையோடு இருந்தால் கொடுக்க முடியாது. மூத்தவள் சாமியார் என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. அந்த வீட்டுக்கு என் சம்பளத்தில் தரை போட்டபோது நான் தெரிந்தெடுத்த டைல்ஸும் சாம்பல்தான். அதை மட்டும் ஒருவரும் துறவு என்று சொல்லவில்லை.

ஒரு நாள் கந்தோரால் வந்து அலுமாரியைத் திறந்தேன். மேல்தட்டு வெறுமையாக இருந்தது. கிளிப்பச்சை, செம்மஞ்சள், ரோசா எல்லாம் போய்விட்டன. அவற்றுக்காக நான் அழவில்லை, போய்த் தொலையட்டும். அவற்றுக்கு அடியில் வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு பட்டு இருந்தது, மாதுளை நிறம். என் கலியாணத்துக்கென்று நான் பெரியபிள்ளையான வருசமே அம்மா எடுத்து வைத்தது. அதுவும் இல்லை.

தங்கச்சியின் கட்டிலில் அது விரித்துக் கிடந்தது. அவள் முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா முழந்தாளில் நின்று கொசுவம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அது என்ட" என்றேன்.

அம்மா வாயில் பின்னைக் கடித்துக்கொண்டே, "உனக்கு இனி என்னத்துக்குப் புள்ள?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டார். "வாற ஞாயிறு மாப்பிளை வீட்டார் வருவாங்க. இவளுக்கு நல்லதா ஒண்டும் இல்ல."

தங்கச்சி கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தாள். "அக்காவுக்கு இந்தக் கலர் எடுக்காது தானேம்மா" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என் உடுப்பையும் அம்மாவே தெரிந்தெடுத்தார். அத்தனை வருசத்தில் என் அலுமாரியிலிருந்து அம்மா விரும்பி எடுத்தது அன்றைக்கு மட்டும்தான். சாம்பல் சாறி, கறுப்புச் சட்டை. "இதையே உடு. ஆரு பொம்புள எண்டு அவங்களுக்கு மாறாட்டம் வரப்படாது." நகையும் வேண்டாம் என்றார். பொட்டைச் சின்னதாக வைக்கச் சொன்னார். நான் எல்லாவற்றையும் செய்தேன். ஆனால் மனதுக்குள் ஒன்றைத் தீர்மானித்திருந்தேன். இன்றைக்குக் கேட்டால் சொல்லிவிடுவது. வெட்கங்கெட்டவள் என்றாலும் பரவாயில்லை, இன்றைக்குச் சொல்லாவிட்டால் வீடு போய்விடும், வீடு போனால் செவ்வாய்க்காரன் என்ன, எவனும் எனக்கு வரமாட்டான். எங்கள் ஊரில் வீடில்லாத மூத்தவளை யார் கேட்பார்கள்?

வந்தார்கள். தாய்வழிக் குடி பொருந்தியது, சாதகம் பொருந்தியது, தங்கச்சி மாதுளை நிறத்தில் தலை குனிந்து இருந்தாள். வடிவாகத்தான் இருந்தாள், பொய் சொல்ல மாட்டேன். மாப்பிளையின் தாய் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு போனபோது என்னைச் செருப்பில்லாத காலிலிருந்து சட்டைக் கழுத்து வரை பார்த்தார்.

"இவ?"

"மூத்தவ" என்றார் அம்மா. "இவவுக்குக் கலியாணம் வேணாமாம். பாத்தாலே தெரியும் தானே. எங்களோட பின்னால ஒரு அறையில இருந்திடுவா."

மாப்பிளையின் தாய் கெட்டிக்காரி. "அது சரி கா. எண்டாலும் மூத்தவ தன்ட வாயால ஒரு சொல்லுச் சொன்னாத்தான் எங்களுக்கு மனசு ஆறும். வீட்டை எழுதின பிறகு வந்து கேக்கப்படாது பாருங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன மகள், கேக்க மாட்டீங்க தானே?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். நான் போட்ட தரை.

"கேப்பன்" என்றேன். "எனக்கும் கலியாணம் வேணும். வீடும் எனக்கு வேணும். நான்தானே மூத்தவ."

தட்டைக் கீழே வைத்தேன். அம்மாவின் முகம் வெளுத்துப் போனதைக் கண்டேன். அந்த ஒரு நொடி, வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது தங்கச்சி சிரித்தாள். தலையை நிமிர்த்தி, வாயைப் பொத்தி, தோள் குலுங்கச் சிரித்தாள். "அக்கா இப்பிடித்தான் மாமி. எந்த நேரமும் பகிடி." அம்மாவுக்கு மூச்சு வந்தது. அம்மாவும் சிரித்தார், கண்ணீர் வரும் வரைக்கும் சிரித்து அதைத் தலைப்பால் துடைத்தார். மாப்பிளையின் தாய் என் சாம்பல் சாறியை இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். அந்த உடுப்பில் நின்று கலியாணம் கேட்பது அவருக்கும் பகிடியாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். "நல்ல பகிடிக்காரி கா இவ!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அறை முழுக்கச் சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இன்னொரு முறை சொல்ல வாயைத் திறந்தேன். என்ன நடந்ததென்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை, திறந்த வாயால் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வெற்றிலைத் தட்டை மாற்றினார்கள்.