பொய் சொன்னால் கிரீச்சிடும் சோபா

சோபாவில் ஒருவரைப் படுக்கவைத்துவிட்டு, தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மரச்சட்டத்தில் காதை ஒட்டிக்கொண்டிருக்கிறார் ஸ்பிரிங் அண்ணன். இது அத்தனையும் நடந்த கதை, சத்தியம். அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன். துணியை இழுத்துக் கட்டாமல் எந்த சோபா நின்றிருக்கிறது?

சோபா ரிப்பேர் அவர் தொழில். வேலை முடிந்தாலும் சாமானை லேசில் தரமாட்டார். கொண்டுவந்தவர் அதில் படுக்க வேண்டும், பேச வேண்டும். "சும்மா படுத்தா ஸ்பிரிங்கு தூங்கிரும். பொய் சொன்னாத்தான் ஆளு நெளிவான். நெளிஞ்சா எது லூசுன்னு அதுவே கத்திச் சொல்லிரும்."

எதைப் பற்றிப் பேசுவது? அதற்கும் ஆராய்ச்சி செய்து வைத்திருக்கிறார். "மாமியாரப் பத்திப் பேசவிட்டேன். எந்திரிச்சுக் குதிக்கிறாங்க, கம்பியே அறுந்துபோச்சு. அம்மாவப் பத்திப் பேசினாத்தான் நிதானமா நெளியுறாங்க."

இப்படி நெளிந்தவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாரம் இறங்கிய மாதிரி எழுந்து போனார்கள். சேதி பரவியது. சோபா இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு சோபாவை இரவல் வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் மரக்கட்டிலையே கொண்டுவந்தார். அதில் ஸ்பிரிங்கே கிடையாது.

ஒருநாள் மனநல டாக்டரம்மா, ரிப்பேருக்குக் கொடுத்த தன் சாய்வு சோபாவை வாங்க வந்தார். சங்கதியைக் கேட்டதும் அவர் கைப்பை நழுவிவிட்டது.

"நூறு வருஷத்துக்கு முன்னால வெளிநாட்டுல ஒரு தாடிக்கார டாக்டர் இப்படித்தாங்க ஆரம்பிச்சாரு. ஆளைப் படுக்கவச்சு, தலைமாட்டுல உக்காந்து, வாய்க்கு வந்ததப் பேசச் சொல்லுவாரு."

"எதுக்கு மறைஞ்சு உக்காரணும்? அவருக்கும் ஸ்பிரிங்குதான் தொல்லையா?"

"நாள் முழுக்க எல்லாரும் மூஞ்சியையே முறைச்சுப் பாத்தா அவருக்கு ஆகாதாம்."

"இப்பவும் அப்படித்தானா?"

"இல்ல. இப்ப எதிரும் புதிருமா நாற்காலி, கையில கேள்வித்தாளு. அவரு சொன்னதுல பாதிய நாங்களே ஒத்துக்கிறதில்ல. மனசு விட்டுப் பேசினா பாரம் குறையும்ங்கிறத மட்டும் விடல."

"அப்ப இந்த சோபா?"

"அது இல்லாட்டி என்னை யாரும் டாக்டர்னே நம்ப மாட்டேங்கிறாங்க."

ஆனால் படுக்கச் சொன்னதும் டாக்டரம்மா மறுத்துவிட்டார். "எனக்குக் கேட்டுத்தான் பழக்கம்." அண்ணன் தன் மனைவியைப் பார்த்தார்.

"நான் பொய்யே பேசறதில்ல. என்னால ஸ்பிரிங்குக்கு என்ன பிரயோசனம்? நீங்க படுங்க."

அவர் படுத்தால் யார் காது கொடுப்பது? அந்தக் காது தெருவில் இன்னும் ஒருவருக்குத்தான் உண்டு: அவரோடு ஒன்றாகத் தொழில் பழகி, இப்போது எதிர்க்கடையில் நாற்காலி பின்னும் அவருடைய தம்பிக்கு. அம்மாவுக்கு யார் மேல் உயிர் என்று தொடங்கிய வாய்ச்சண்டை. பதினோரு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.

"நடுவுல சேதி சுமந்து ஒம்பது ஜோடி செருப்பு தேஞ்சாச்சு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்திடணும்," என்று கிளம்பிய மனைவி, தெருவைத் தாண்டிப் போய், கொழுந்தனைக் கையோடு இழுத்து வந்து முக்காலியில் உட்காரவைத்தார்.

அண்ணன் படுத்தார். தம்பி காதை மரத்தில் வைத்தார்.

"அம்மாவப் பத்திப் பேசச் சொல்லுங்க அண்ணி."

அண்ணன் கூரையைப் பார்த்துச் சொன்னார்: "அம்மாவுக்கு என்னைத்தான் ரொம்பப் பிடிக்கும்."

கிரீச்.

"மூணாவது வரிசை, இடது பக்கம்," என்றார் தம்பி. காதை எடுக்காமலே, "நான் படுத்துச் சொன்னாலும் இதே இடந்தாண்ணே கத்தும்," என்றார்.

அவ்வளவுதான், வாசலில் கூடி வேடிக்கை பார்த்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"மூத்தது மேலதான்யா அம்மாவுக்குப் பாசம்!"

"போய்யா, கடைக்குட்டிய விட்டா அவங்களுக்கு யாரு?"

"ஏன், நடுவுல பொறந்தவன் என்ன தவிட்டுக்கு வாங்கினதா?"

"எங்கக்காவுக்கு மட்டும் ரெண்டு கவுனு எடுத்தாங்க, அதக் கேக்க ஆளில்ல!" என்று எல்லோருக்கும் மேலே கேட்ட குரல் டாக்டரம்மாவுடையது.

அந்த இரைச்சலில், படுத்தவாக்கிலேயே அண்ணன் கையைப் பின்னால் நீட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி ஆணிப் பெட்டியைத் துழாவி, சோபா தைக்கும் வளைந்த ஊசியை எடுத்து, கூர் தன் பக்கம் வரும்படி திருப்பி, அந்தக் கையில் வைத்தார்.